முளைக்க மறுக்கும் நெல்லும் கதிரிலேயே முளைக்கும் நெல்லும்: செட்டிநாட்டு விவசாயிகளுக்கான கேள்வி பதில்

செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே நெல்தான். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, தையில் அறுப்பு. இந்த ஒரு போகத்துக்குள் விதையைப் பற்றி இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. முளைக்க வேண்டிய நேரத்தில் முளைக்கவில்லை என்பது ஒன்று. முளைக்கக் கூடாத நேரத்தில் வயலிலேயே முளைத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. அது விதைக்குள் ஹார்மோன்கள் நடத்தும் இழுபறி. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒட்டி அதை இங்கே விளக்கியிருக்கிறேன்.

தையில் அறுத்த நெல்லை மறுவாரமே ஊறவைத்து மூட்டம் போட்டுப் பார்த்தேன். பாதிகூட முளைக்கவில்லை. விதை கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது, உறங்கிக்கொண்டிருக்கும். புதிதாக அறுத்த நெல்லில் பல ரகங்கள் சில வாரங்கள் தண்ணீர், சூடு, காற்று எல்லாம் கொடுத்தாலும் முளைக்காது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐம்பது மணிகளை எடுத்து, கரு இருக்கும் முனையில் நகம் படாமல் உமியை மட்டும் உரித்துவிடுங்கள். ஈரத்துணியில் பரப்பி, துணி காயாமல் நிழலில் வையுங்கள். உமியோடு வைத்த நெல் சும்மா கிடக்க, உமி நீக்கியது மூன்று நான்கு நாளில் முளைவிட்டால் விதை உயிரோடு இருக்கிறது என்று பொருள். நெல்லின் உறக்கத்தில் உமிக்குப் பெரிய பங்கு உண்டு. கருவுக்குப் போகும் ஆக்சிஜனை அது மட்டுப்படுத்துகிறது. உமி நீக்கியும் முளைக்காமல் பூஞ்சணம் பூத்து, அமுக்கினால் பிசுபிசுவென்று நசுங்கினால் அது செத்த விதை.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் டெட்ரசோலியம் என்ற நிறமற்ற உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பார்ப்பார்கள். உயிருள்ள கரு சிவப்பாகும், செத்த கரு நிறம் மாறாது.

காய்ந்த விதை எல்லாமே உறங்குவதுதானே?

இல்லை. சாக்கில் காய்ந்து கிடக்கும் நெல் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் கிடைத்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிடும். தண்ணீரும் சூடும் காற்றும் போதிய அளவு கிடைத்த பிறகும் முளைக்காமல் இருப்பதையே விதை உறக்கம் என்கிறோம். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல விதையைக் கோழிக்குக் கொட்டியவர்கள் பலர்.

இந்த உறக்கத்தை நடத்துவது எது?

முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். அப்சிசிக் அமிலம் முளைப்பை நிறுத்திவைக்கிறது. ஜிப்ரலின் முளைப்பைக் கிளப்பிவிடுகிறது. நெல், கோதுமை, பார்லி, சோளம், மக்காச்சோளம் என எல்லாத் தானியங்களிலும் இந்த இரண்டின் விகிதம்தான் தீர்மானிக்கிறது.

ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, கரு அதற்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதும் முக்கியம். உறங்கும் கோதுமை மணியையும் விழித்த கோதுமை மணியையும் காய்ந்த நிலையில் அளந்து பார்த்தால் அப்சிசிக் அமிலத்தின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். தண்ணீரில் போட்ட பிறகுதான் வேறுபாடு வெளிவரும். விழித்த விதை சில மணி நேரத்தில் அந்த அமிலத்தைச் சிதைத்துத் தள்ளிவிடும். மிச்சமிருப்பதையும் பொருட்படுத்தாது.

அப்சிசிக் அமிலம் விதைக்குள் எப்படி வருகிறது?

மணி பால்பிடிக்கும் காலத்திலேயே உருவாகிறது. கேரட்டுக்கும் மஞ்சள் மக்காச்சோளத்துக்கும் நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டு வகை நிறமிகளை வெட்டித்தான் செடி இதைத் தயாரிக்கிறது. மணி முற்றும் வழியில் பாதியில் அளவு உச்சத்துக்குப் போய், காயக் காயக் குறைகிறது.

முளைப்பைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். மணிக்குள் சேமிப்புப் புரதங்கள் சேர்வதற்கும், முழுக்கக் காய்ந்தும் கரு சாகாமல் இருப்பதற்கும் அதுவே பொறுப்பு. மக்காச்சோளத்தில் இந்த அமிலத்தைத் தயாரிக்க முடியாத, அல்லது தயாரித்தும் உணர முடியாத மரபணுப் பிறழ்வுச் செடிகள் உண்டு. அவற்றின் மணிகள் தாய்ச்செடியில் பச்சைக் கதிராக இருக்கும்போதே முளைவிட்டுவிடும். உறக்கம் என்ற ஒன்று இல்லாவிட்டால் தானியத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஜிப்ரலின் என்றால் கடையில் திராட்சைக்கு அடிக்கும் மருந்துதானே?

அதே பொருள்தான். ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்டது நெல் வயலில். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறிப்போய், மெலிந்து, மற்றவற்றுக்கு மேலே தலைதூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நட்டால் தூர் கட்டாமல் செத்துப்போகும். ஜப்பானியர்கள் இதை ‘பகானே’ நோய் என்றார்கள். தைவானில் வேலைபார்த்த எய்ச்சி குரோசாவா 1926இல், நோயை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்த திரவத்தை மட்டும், பூஞ்சையை நீக்கிவிட்டு, நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்போதும் நீண்டது. பூஞ்சை வெளியிடும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று அதனால் தெரிந்தது. தெய்ஜிரோ யபுடா 1935இல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். 1938இல் யபுடாவும் யூசுகே சுமிக்கியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். செடிகள் தாங்களே அதைத் தயாரிக்கின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது.

சரி, விதை ஊறியதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நெல்மணியின் பெரும்பகுதி வெறும் மாவு. அந்த மாவு இருக்கும் திசு மணி முற்றும்போதே செத்துவிடுகிறது. உயிருள்ளவை இரண்டே இரண்டு. ஒன்று, மணியின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் கரு. மற்றொன்று, மாவைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலம். இதை அலூரோன் படலம் என்பார்கள். தவிட்டில் போவது இதுதான். நம் பழைய வளவு வீடுகளில் நெல் அறையின் சாவியை ஆச்சி வைத்துக்கொண்டு, சொல் வந்த பிறகே திறந்துவிடுவதுபோல, மாவைக் கரைக்கும் பொறுப்பு இந்தப் படலத்திடம் இருக்கிறது. சொல்லி அனுப்புவது கரு.

மணி தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் உறிஞ்சியதும் கரு ஜிப்ரலினைத் தயாரிக்கிறது. அது கசிந்து அலூரோன் படலத்தை அடைகிறது. அங்கே வழக்கமாக டெல்லா என்ற வகைப் புரதம் ஒன்று முளைப்புக்கான மரபணுக்களை அடக்கிவைத்திருக்கும். ஜிப்ரலின் தன் ஏற்பியில், அதாவது தன்னை உணரும் புரதத்தில், போய் உட்கார்ந்ததும், அந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. தடை நீங்கியதும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி பெருமளவில் சுரக்கிறது. அது மாவை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. கரு அந்தச் சர்க்கரையைக் குடித்து வேரையும் குருத்தையும் நீட்டுகிறது. மூட்டம் போட்ட நெல்லை மென்று பார்த்தால் வரும் இனிப்பு இதனால்தான்.

இந்தச் சங்கிலியைக் கண்டறியவே நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கோதுமைக்கு நெருங்கிய உறவுத் தானியமான ‘ரை’யில் இந்தப் படலம்தான் நொதியைச் சுரக்கிறது என்று ஹேபர்லாண்ட் 1890இல் காட்டினார். 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். கருவை வெட்டி நீக்கிய பார்லி அரைமணியில் ஜிப்ரலினை விட்டாலே போதும், மாவு கரைகிறது. ஜிப்ரலினின் ஏற்பி எந்தச் செடியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? நெல்லில்தான். 2005இல், ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழுவினர், ஜிப்ரலின் கொடுத்தாலும் வளராத ஒரு குட்டை நெல் பிறழ்வைப் பின்தொடர்ந்துபோய் அதைப் பிடித்தார்கள். ‘ஜிஐடி1’ என்பது அதன் பெயர்.

அப்சிசிக் அமிலம் இதைத் தடுப்பது எப்படி?

அதற்கும் தனி ஏற்பிகள் உண்டு, அவை 2009இல் தெரியவந்தன. அமிலம் ஏற்பியில் சேர்ந்ததும், வழக்கமாக அணைந்து கிடக்கும் சில நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை முளைப்புக்கு எதிரான மரபணுக்களை இயக்கி, ஆல்ஃபா அமைலேஸ் சுரப்பையும் அடக்குகின்றன. ஒரே அலூரோன் படலத்தில் ஜிப்ரலினோடு அப்சிசிக் அமிலத்தையும் சேர்த்து விட்டால் மாவு கரையாது. தடை எவ்வளவு நேரடியானது என்பதற்கு அந்தச் சோதனை ஒன்றே போதும்.

எத்திலீன், ஆக்சின் போன்ற மற்ற ஹார்மோன்களுக்குப் பங்கு இல்லையா?

உண்டு, ஆனால் துணைப் பாத்திரங்கள். எத்திலீன் அப்சிசிக் அமிலத்தின் பிடியைத் தளர்த்தி முளைப்புக்கு உதவுகிறது. பிராசினோஸ்டீராய்டுகள் என்ற ஹார்மோன்களும் அதே பக்கம்தான். ஆக்சின் பெரும்பாலும் உறக்கத்தின் பக்கம் நிற்கிறது. விதை உறங்குமா முளைக்குமா என்று ஊகிக்க முதல் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

உறக்கம் தானாகக் கலையுமா? எத்தனை நாள் ஆகும்?

தானாகவே கலையும். காய்ந்த விதை சும்மா கிடக்கும்போதே மெல்ல மெல்லப் பக்குவப்படுகிறது. ரகத்தைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை ஆகும். இதற்கு வெப்பம் பெரிய துணை. நெல் விதை உறக்கத்தை 1960களில் விரிவாக ஆராய்ந்த ஈ. எச். ராபர்ட்ஸ், சேமிப்பு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உறக்கம் கலையும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று காட்டினார்.

நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலை நினைத்துப் பாருங்கள். தையில் கட்டிவைத்த விதைநெல் அந்தக் கோடையைக் கடந்து ஆவணியில் வெளியே வருகிறது. ஏழு மாதம். அவ்வளவு நாள் தாங்கும் உறக்கம் எந்த நெல் ரகத்திலும் அநேகமாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை. உறக்கத்தைக் கலைக்கும் அதே வெப்பம், விதையில் ஈரம் இருந்தால் அதன் உயிரையும் குறைக்கும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைச் சேமிப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் நெல்லைச் சாக்கில் கட்டவே கட்டாதீர்கள்.

அப்பத்தா காலத்தில் வைக்கோலில் விதைக்கோட்டை கட்டி வைப்பார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெயிலில் நன்றாக உலர்த்தி, வைக்கோல் புரியால் இறுக்கிக் கட்டி, சாணி மெழுகி உயரத்தில் வைத்த கோட்டைக்குள் விதை காய்ந்த நிலையிலேயே கோடையைக் கழித்தது. உறக்கம் கலைய வேண்டிய சூடு கிடைத்தது. உயிரைக் குடிக்கும் ஈரம் உள்ளே வரவில்லை. இன்றைக்குப் பிளாஸ்டிக் சாக்கில் சிமெண்டுத் தரையில் வைக்கிறவர்கள் அடியில் மரப்பலகையாவது போட வேண்டும்.

2021 பொங்கல் மழையில் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. பக்கத்து வயல் நெல்லும்தான் சாய்ந்தது, அது முளைக்கவில்லை. ஏன்?

அந்த ஜனவரி மழை டெல்டாவையும் தென் மாவட்டங்களையும் படுத்திய பாடு மறக்கக்கூடியதல்ல. வழக்கமாக வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில் அது கொட்டித் தீர்த்தது.

முற்றிய மணியில் அப்சிசிக் அமிலம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அப்போது உறக்கம் இருக்கும் ரகமாக இருந்தால் மழையில் நனைந்தாலும் கரு அசையாது. உறக்கமே இல்லாத ரகமாக இருந்தால், சாய்ந்த கதிர் ஈரத் தரையில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலே போதும், ஜிப்ரலின் வேலையைத் தொடங்கிவிடும். நீங்கள் நட்ட ரகம் ஒன்று, பக்கத்து வயலில் நின்றது இன்னொன்று என்றால் வித்தியாசம் இதுதான். ஒரே ரகமாக இருந்தும் இப்படி நடந்திருந்தால், எந்த வயல் முதலில் முற்றியது, எதில் தண்ணீர் அதிக நேரம் நின்றது என்று பாருங்கள்.

வெளியே முளை தெரியாத மணியிலும் சேதம் நடந்திருக்கும். உள்ளே மாவு கரையத் தொடங்கியிருந்தால் அரைக்கும்போது குருணைதான் மிஞ்சும். விதைக்கும் ஆகாது. கோதுமை வாங்கும் நாடுகளில் இதற்கென்று ஒரு சோதனையே இருக்கிறது. மாவைக் கூழாக்கி அதில் ஒரு கம்பியை விட்டு, அது கீழே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார்கள். நல்ல கோதுமையில் 300 நொடிக்கு மேல் ஆகும். முளைவிட்டதில் நொதி மாவைக் கரைத்துவிடுவதால் கம்பி சீக்கிரமே இறங்கிவிடும்.

மழை வந்துவிட்டால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வரப்பை வெட்டித் தண்ணீரை வடியுங்கள். சாய்ந்த பயிரை நாலைந்து தூராகச் சேர்த்துத் தூக்கிக் கட்டினால் கதிர் தரையைவிட்டு எழும்பும். மிஷினுக்காகக் காத்திருக்கும்போதே கையால் அறுக்க முடிந்ததை அறுத்துவிடுங்கள். அறுத்த ஈர நெல்லைக் குவித்து மூடவே கூடாது. குவியலுக்குள் ஈரமும் சூடும் சேர்ந்து மூட்டம் போட்டதாகவே ஆகிவிடும். களத்திலோ தார்ச்சாலை ஓரத்திலோ மெல்லியதாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருங்கள். 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

ஒரு ரகம் உறங்குவதற்கும் இன்னொன்று உறங்காததற்கும் பரம்பரைக் காரணம் என்ன?

நெல்லில் உறக்கத்தை நிர்ணயிக்கும் மரபணுக்கள் பல. அவற்றில் ‘எஸ்டிஆர்4’ என்ற ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் அடையாளம் கண்டார்கள். நன்றாக உறங்கும் இந்திய ரகமான கசலத்தில் வலுவாகவும், எளிதில் முளைக்கும் ஜப்பானிய ரகமான நிப்பொன்பாரேயில் பலவீனமாகவும் அது இருந்தது.

சிவப்பரிசிக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் அழகானது. மணியின் தோலுக்குச் சிவப்பைத் தரும் ‘ஆர்சி’ மரபணுவே அப்சிசிக் அமிலத்தைக் கூட்டி உறக்கத்தையும் ஆழமாக்குகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளை அரிசிகளில் அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு அறுந்துபோயிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்களாக வெள்ளை அரிசியைத் தேர்ந்தெடுத்த மனிதக் கை, கூடவே உறக்கத்தையும் கொஞ்சம் கழித்துவிட்டது. கோதுமையிலும் இதே கதைதான். சிவப்பு மணி ரகங்களைவிட வெள்ளை மணி ரகங்கள் மழையில் எளிதாக முளைத்துவிடும்.

ஐஆர்8 முதலான குட்டை ரகங்களைக் குட்டையாக்கிய மரபணு எது என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். அது ஜிப்ரலின் தயாரிப்பில் ஒரு படியைக் குறைக்கும் மரபணு. தண்டில் ஜிப்ரலின் குறைவு, அதனால் குட்டை. அதே மாற்றம் விதையின் உறக்கத்தையும் ஓரளவு கூட்டுகிறது என்று பின்னர் தெரியவந்தது.

அப்படியானால் கருப்புக் கவுனியும் நன்றாக உறங்குமா? கடையில் வாங்கிய கவுனி அரிசியை விதைத்தால் முளைக்குமா?

கவுனியின் கருப்பு வேறு மரபணுவால் வருவது. அது ஆந்தோசயனின் என்ற நிறமி. ஆகவே சிவப்பரிசிக்குச் சொன்னதைக் கவுனிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கடைக் கவுனி உமி நீக்கியது, ஆனால் தவிடு போகாதது. தீட்டாமல், வேகவைக்காமல், கரு உடையாமல் இருந்தால் சில மணிகள் ஈரத்துணியில் முளைவிடும். அதை நம்பி வயலில் விதைக்க வேண்டாம். உமி இல்லாத மணியை மண்ணில் பூஞ்சை சும்மா விடாது. பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் இந்த நெல்லை, உமியோடு விதையாகக் காப்பாற்றிவருகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள். புழுங்கலரிசி எந்த ரகமானாலும் முளைக்காது, அவித்ததிலேயே கரு செத்துவிடும்.

உறக்கம் உள்ள ரகம் நல்லதா, இல்லாத ரகம் நல்லதா?

இந்தக் கேள்விக்காகத்தான் மேலே உள்ளதையெல்லாம் எழுதினேன்.

டெல்டாவில் குறுவை அறுத்த கையோடு அந்த நெல்லையே அடுத்த போகத்துக்கு விதைக்க நேரிடும். அங்கே நீண்ட உறக்கம் தொல்லை. அவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கலையும் உறக்கம் வேண்டும். நமக்கு அந்த அவசரம் கிடையாது. தைக்கும் ஆவணிக்கும் நடுவில் ஏழு மாதம் சும்மா கிடக்கிறது. இரண்டு மாத உறக்கம் இருந்தாலும் விதைப்பில் நமக்கு ஒரு மணியும் நஷ்டமில்லை. அறுப்பு நேரத்து மழையில் அதே உறக்கம் மொத்த விளைச்சலையும் காக்கும். ஒற்றைப் போகக் கண்மாய்ப் பகுதிக்கு நல்ல உறக்கம் உள்ள ரகம் கிட்டத்தட்ட இலவசக் காப்பீடு.

ஆனால் நாம் விதை வாங்கும்போது மகசூல் எவ்வளவு, எத்தனை நாள் வயது, சன்னமா மோட்டாவா என்று மட்டும் கேட்கிறோம். ‘அறுத்தபின் எத்தனை நாள் உறங்கும்?’ என்று யாரும் கேட்பதில்லை. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் ரகம் உருவாக்குகிறவர்களும் அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

ஆழ்ந்த உறக்கத்துக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அறுப்பில் உதிர்ந்த நெல் மண்ணில் உறங்கிக் கிடந்து அடுத்த போகத்தில் கலப்பாக எழும். ரகம் மாற்றும் வருடத்தில் இது தலைவலி. கோடை மழையில் அதை முளைக்கவிட்டு உழுதுவிட்டால் பெரும்பகுதி ஒழிந்துவிடும்.

அவசரத்துக்கு உறக்கத்தைக் கலைக்க வழி என்ன?

விதையை நன்றாக வெயிலில் உலர்த்தி, சூடான, காற்றோட்டமான இடத்தில் சில வாரம் வைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடியவற்றுள் பாதுகாப்பானது. பரிசோதனைக் கூடங்களில் காய்ந்த விதையை 50 டிகிரி செல்சியஸில் சில நாள் வைப்பார்கள், அல்லது நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைப்பார்கள். பொட்டாசியம் நைட்ரேட்டும் சில தானியங்களில் உதவும். அமிலத்தை வீட்டில் கையாள வேண்டாம், விதைக்கும் கண்ணுக்கும் சேர்த்து ஆபத்து.

ஜிப்ரலிக் அமிலப் பொடியை வாங்கி விதையை நனைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. உறக்கத்தை அது ஓரளவு கலைக்கும் என்பது உண்மை. செத்த விதையை எழுப்பாது. அளவு கூடினால் பகானே நாற்றைப்போல மெலிந்து நீண்ட நாற்றுதான் வரும். ஏழு மாதம் கையில் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு?

புழுதி விதைப்பில் விதை பாதி முளைத்து வாடிவிடுகிறது. சில வருடம் பெருமழையில் மூழ்கி அழுகுகிறது. இதற்கும் ஹார்மோன்தானா?

இரண்டும் உறக்கத்துக்கு அடுத்த கட்டம். ஒரு தூறலில் ஊறி முளைப்பைத் தொடங்கிய விதை, வேர் வெளிவந்த பிறகு மீண்டும் காய்ந்தால் பிழைப்பது கடினம். அதற்குத்தான் விதையைக் கடினப்படுத்தச் சொல்கிறார்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, விதைக்குச் சம எடை கரைசல், 16 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தல். முளைப்பின் முதல் வேலைகள் உள்ளே நடந்து முடிந்திருப்பதால், அடுத்து ஈரம் கிடைத்ததும் விதை வேகமாகவும் ஒரே சீராகவும் எழும்.

தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாமல் முளைப்பதில் தானியங்களிலேயே நெல்தான் கெட்டி. கோதுமை, பார்லியால் அது முடியாது. நெல்லிலும் ரகத்துக்கு ரகம் திறன் மாறும். மியான்மரின் ‘காவ் ஹ்லான் ஆன்’ என்ற நாட்டு நெல்லிலிருந்து, மூழ்கிய நிலையில் குருத்துக்குச் சர்க்கரையைத் தொடர்ந்து அனுப்பவைக்கும் மரபணு ஒன்று 2015இல் கண்டறியப்பட்டது. நேரடி விதைப்பு ரகங்களில் அதைச் சேர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. அது வரும்வரை, விதைத்த வயலில் தண்ணீர் வடிய வாய்க்கால் கீறி வைப்பது ஒன்றே வழி.

முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பது ஏன்? வெளிச்சம் முளைப்பைத் தடுக்குமா?

இருட்டில் வளர்ந்தால்தான் தண்டு வெளிர் மஞ்சளாக, ஒரே உயரமாக நீளும். வழிபாட்டுக்கு வேண்டிய அழகு அதுதான். முளைப்பைப் பொறுத்தவரை பெரும்பாலான தானியங்களுக்கு வெளிச்சம் தேவையில்லை. உறக்கமுள்ள பார்லியில் நீல ஒளி அப்சிசிக் அமிலத்தைக் கூட்டி உறக்கத்தை நீட்டிக்கிறது. நன்றாக விழித்த விதையில் அந்த வேறுபாடு தெரியாது.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் கூழ் ஏன் நீர்த்துப்போகிறது?

அதே ஆல்ஃபா அமைலேஸ். மாவுச்சத்தை அது வெட்டிவிடுவதால் கூழ் இளகும், லேசாக இனிக்கும், குழந்தைக்கு ஊட்ட எளிதாக இருக்கும். பார்லியை முளைகட்டும் தொழிற்சாலைகள் வேலையை விரைவாக்க ஜிப்ரலினையே தெளிப்பது உண்டு.

எத்தனை முறை உழுதாலும் வயலில் புல் ஒழியமாட்டேன் என்கிறதே?

களைப்புற்களின் விதைக்கு உறக்கத்தை யாரும் கழிக்கவில்லை. ஒரே செடியின் விதைகளில் சில இந்த வருடம் எழும், சில அடுத்த வருடம், சில அதற்கும் பின்னால். ஆவணிக்கு முன் வரும் கோடை மழையில் வயலை லேசாக உழுது, மேல்மண்ணில் இருப்பவற்றை முளைக்கவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி மேலாக உழுங்கள். ஆழ உழுதால் கீழே உறங்குவதை நீங்களே மேலே கொண்டுவந்தது போலாகும்.

விதைக்கும் முன் முளைப்புத்திறனை எப்படிச் சோதிப்பது?

ஆடி மாதமே செய்துவிடுங்கள். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கலந்து 400 மணிகள் எடுங்கள். நூறு நூறாக நான்கு ஈரச் சணல் துண்டுகளில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வையுங்கள். ஐந்தாம் நாள் ஒரு முறை எண்ணுங்கள், பதினான்காம் நாள் கடைசியாக எண்ணுங்கள். வேரும் குருத்தும் சேர்ந்து வந்தவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். சான்று விதைக்கு நெல்லில் குறைந்தது 80 சதவீதம் வேண்டும். ஐந்தாம் நாளில் மிகக் குறைந்து பதினான்காம் நாளில் நன்றாக ஏறியிருந்தால், விதையில் இன்னும் கொஞ்சம் உறக்கம் மிச்சமிருக்கலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பதினான்காம் நாளிலும் முளைக்காதவற்றை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருப்பவற்றின் உமியை உரித்து மறுபடி ஈரத்தில் வையுங்கள், நசுங்குபவற்றைக் கழித்துவிடுங்கள். 60, 70 சதவீதத்தில் நின்றால் விதை அளவை அதற்கேற்பக் கூட்டலாம். அதற்கும் கீழே போனால், விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வேறு விதை தேடிக்கொள்ளுங்கள்.